பச்சைக் கொடியும் என் ஒற்றை விரலும்

டொரன்ரோவில் ஐரிஷ்காரரின் கேலிக் ஃபுட்போல் விளையாடிய முதல் யாழ்ப்பாணத் தமிழன் நான்தான்.

அது பொய். விளையாடியது என் மகள். நான் கோல் கம்பத்தடியில், முழங்கால் வரை தொங்கும் வெள்ளைக் கோட்டுடன் நின்றவன். பிள்ளை டாக்டராக வரவேண்டும் என்று என் அம்மா மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். பாதி நேர்த்தி பலித்துவிட்டது. கோட்டு கிடைத்துவிட்டது.

படிப்பைப் பற்றி யாராவது கேட்டால், சண்டையால் குழம்பிப் போனது என்று சொல்லுவேன். உண்மையில் சண்டை எங்கள் தீவுப் பக்கம் வருவதற்கு முன்பே கணக்குப் பாடம் என்னைத் துரத்திவிட்டது. இப்போது மில்லிக்கனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முன்னுக்கு எடு, பின்னுக்கு எடு, தூக்கு, இறக்கு. அவ்வளவுதான் பாடம். அதில் நான் கெட்டிக்காரன்.

மகளை இந்த விளையாட்டுக்குள் இழுத்தது அவளோடு வேலை செய்யும் ஓர் ஐரிஷ் பெட்டை. அவர்களின் பெண்கள் அணிக்கு ஆள் காணாதாம். என் மகள் பந்து பிடிப்பதில் புலி. மல்வேர்னில் எங்கள் ரவுன்ஹவுஸுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் ரெனிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவள். நான் அடிக்கும் பந்தெல்லாம் நேரே கைக்குத்தான் போகும். அவளின் திறமைக்கு என் திறமையின்மைதான் பயிற்சி.

மைதானம் நகரத்தின் மற்ற முனையில், விமான நிலையத்தையும் தாண்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பினால் ஆட்டம் முடிந்து புல்லு வெட்டும்போதுதான் போய்ச் சேரலாம். அதனால் நான் டிரைவர். போனேன், காரை நிறுத்தினேன், சீற்றைச் சாய்த்தேன், கண்ணை மூடினேன்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். கழகத்தின் செயலாளர். நேர்ஸ் வேலை செய்கிற பெண்மணி. தொண்டை மட்டும் மீன் சந்தைத் தொண்டை. அவர் பேசும் ஐரிஷ் ஆங்கிலம் எனக்கு விளங்காது, நான் பேசும் ஆங்கிலம் அவருக்கு விளங்காது. அதனாலேயே எங்களுக்குள் இன்றுவரை ஒரு மனஸ்தாபமும் இல்லை. அன்று அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"காருக்குள்ள படுக்கிறதெண்டால் வீட்டில படுங்கோ. இஞ்ச வந்தால் வேலை இருக்கு."

கையில் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கழகம் ஏன் விழாமல் நிற்கிறது என்று பிறகு பலதடவை யோசித்திருக்கிறேன். எத்தனை வழியால் சுற்றி வந்தாலும் அந்தக் கார்க் கண்ணாடியில்தான் வந்து முட்டுகிறேன். அவர்கள் ஒருத்தரையும் காருக்குள் இருக்க விடமாட்டார்கள். முதல் கிழமை காற்றடித்தேன். அடுத்த கிழமை வலை கட்டினேன். அதற்கடுத்த கிழமை தண்ணீர்ப் போத்தல்களோடு மைதானத்துக்குள் ஓடினேன். ஒரு மாதம் போனதும், நான் வராத ஞாயிறு ஆட்டமே நடக்காது என்று நம்பத் தொடங்கினேன். அந்த நம்பிக்கையை ஊட்டுவதில்தான் அவர்களின் கெட்டித்தனம் இருக்கிறது. அங்கே இளமையில் விளையாடியவர் வயிறு வைத்ததும் ரெஃபரி ஆகிறார். முழங்கால் போனதும் பயிற்சி கொடுக்கிறார். காதும் போனபிறகு தேத்தண்ணி ஊற்றுகிறார். வீட்டுக்குப் போகிற கட்டம் என்று ஒன்று கிடையாது.

எங்கள் ஊருக்கும் டொரன்ரோவில் சங்கம் இருக்கிறது. மூன்று. முதலாவதில் தலைவர் தேர்தலில் தோற்றவர் இரண்டாவதைத் தொடங்கினார். அதில் தோற்றவர் மூன்றாவதை. நாலாவதைத் தொடங்க ஆள் இருக்கிறது, ஊரில்தான் சனம் மிச்சமில்லை. இந்த ஐரிஷ் கழகத்தில் போன வருஷம் தலைவர் பதவிக்குத் தோற்றவர் அடுத்த கிழமையே அணியின் ஊத்தை ஜேர்சிகளை மூட்டையாகக் கட்டித் தோய்க்கக் கொண்டுபோவதை என் கண்ணால் கண்டேன்.

விளையாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். கோல் கம்பம், படியெல்லாம் கழன்று நடுவில் ஒரே ஒரு படி மிஞ்சிய ஏணி மாதிரி. அந்தப் படிக்குக் கீழே வலை. பந்து வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி, பச்சைக் கொடி. படிக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் அடிக்கலாம். ஆனால் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட ஏலாது. நாலு அடி வைத்ததும் நிலத்தில் ஒருக்கால் குத்தவேண்டும், இல்லாவிட்டால் காலால் தட்டி மறுபடி கைக்கு எடுக்கவேண்டும்.

கணக்கை அவர்கள் கூட்டிச் சொல்லமாட்டார்கள். கோல் தனி, புள்ளி தனி. ஒரு அணி இரண்டு-ஒன்பது, மற்ற அணி பூச்சியம்-பதினாறு என்பார்கள். இரண்டு கோல் ஆறு, அதோடு ஒன்பதைக் கூட்டினால் பதினைந்து, அப்போ பதினாறுதான் வெற்றி. இதை நான் தலைக்குள் கூட்டி முடிக்கும்போது வென்றவர்கள் குளித்து முடித்துவிடுவார்கள். கணக்குக்குப் பயந்து தீவை விட்டு ஓடினவனை, அது கண்டம் தாண்டி வந்து மைதானத்தில் வைத்துப் பிடித்தது.

வீட்டில் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"ஞாயிறு விடியப் போனால் பொழுதுபடத்தான் வாறியள். உது என்ன விளையாட்டப்பா, முடிவே இல்லையோ?"

"இஞ்சரும், கோவிக்காமல் கேளும். ஐயர்லாந்தில ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கழகம்."

"பங்கெண்டால்? மாதா கோயில் பங்கோ?"

"ஓம், எங்கட பங்கு மாதிரித்தான். எந்தப் பங்கில பிறந்தீரோ அந்தப் பங்குக்குத்தான் விளையாடலாம். வெண்டால் மாவட்டம், பிறகு மாகாணம், பிறகு முழு நாடு."

"பக்கத்துப் பங்குக்காரர் நல்ல ஆளைக் காசு குடுத்து இழுத்தால்?"

"ஒருத்தருக்கும் காசு இல்லை. பெரிய கெட்டிக்காரனும் திங்கக்கிழமை வேலைக்குப் போகவேணும்."

மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். "அப்ப பெருநாளுக்கு எங்கட பங்கும் அங்கால பங்கும் மோதுறது மாதிரி."

"அதேதான்."

"உங்கட தம்பியின்ர பல்லு உடைஞ்சதே, அது மாதிரி."

"ஓம், அது மாதிரி."

"அப்ப பாரதூரமான விளையாட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினார். அடுத்த ஞாயிறு மட்டன் ரோல்ஸ் நிரம்பிய ஒரு பெட்டி காரில் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு செயலாளர் என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லுமுன் பெட்டியைத் தேடினார். அப்படி என் மனைவியையும், மைதானத்தைக் கண்ணால் காணாமலே, கழகத்தில் சேர்த்துவிட்டார்கள்.

டொரன்ரோவில் பங்குமில்லை, மாவட்டமுமில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு கைப்பிடி கழகங்கள்தான். ஐயர்லாந்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்குகிற பிள்ளைக்கு முதலில் ஓர் அறை பிடித்துக் கொடுக்கிறார்கள், பிறகு வேலை, பிறகு ஜேர்சி. எங்கள் ஆட்கள் மல்வேர்ன் பேஸ்மென்ற்றுகளில் செய்ததும் இதுதான், ஜேர்சி மட்டும் இல்லை. அவர்களிலேயே ஆள் காணாவிட்டால் எங்களைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கைதேர்ந்தவர்களுக்கு சீனியர், மற்றவர்களுக்கு ஜூனியர் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். என் மகள் ஜூனியர். பனி கரைந்ததிலிருந்து இலை பழுக்கும் வரைதான் எங்களுக்குக் கோடை, அதற்குள் எல்லாவற்றையும் அடைத்து முடிக்கவேண்டும்.

மிச்சத்தை மகள் காரில் வைத்து எனக்குச் சொன்னாள். "அப்பா, இட்ஸ் சிம்பிள். முதல் லீக். எல்லாரும் எல்லாரோடையும் விளையாடுவினம். தோத்தாலும் நெக்ஸ்ட் வீக் வரலாம். பிறகு சாம்பியன்ஷிப். மேல வாற நாலு டீமுக்கு செமி ஃபைனல். அதில தோத்தால் தட்ஸ் இற், அடுத்த வருஷம்தான்."

"லீக் எண்டால் மன்னிப்புக் கிடைக்கிற அற்பப் பாவம், சாம்பியன்ஷிப் எண்டால் நேரே நரகத்துக்குப் போற சாவான பாவம்."

"அப்பா, ப்ளீஸ். இதை அங்க ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அங்கே எல்லோருக்கும் சொன்னேன். ஐரிஷ்காரர்களும் எங்களைப் போலச் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பயந்து வளர்ந்த சனம்தான், விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் கோடைதான் அவளுக்குச் சோதனை. இரண்டு வருஷம் மாற்று ஆளாக வாங்கில் இருந்தவள். கோல் காக்கும் கோலியாக நின்ற பெண் ஐயர்லாந்துக்குத் திரும்பிப் போனதால் இவளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அங்கிருந்து இன்னொரு கோலி வரப்போகிறாள், ஊரில் பெரிய ஆள், என்று கதை அடிபட்டது. செமி ஃபைனலில் நன்றாக நின்றால் இடம் இவளுக்கு நிலைக்கும், இல்லாவிட்டால் மறுபடி வாங்கு. இதை மகள் எனக்கு வாயால் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க என்னைப் பின் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பந்து எறியச் சொன்னாள். அதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

செமி ஃபைனல் அன்று செயலாளர் வெள்ளைக் கோட்டை என் கையில் தந்தார். ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு அம்பயர். ஒவ்வொரு கழகமும் ஒவ்வோர் ஆள் கொடுப்பதுதான் வழக்கம். கம்பத்துக்கு ஒருவராக நின்று, கோலா, புள்ளியா, வெளியேயா என்று பார்த்துக் கொடி காட்டவேண்டும்.

கிரிக்கெட்டில் நான் அம்பயராக நின்றவன் என்று சொன்னேன். இதுவும் முழுப் பொய் இல்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தின் போட்டியில் அம்பயராக நின்றேன், சாப்பாட்டு இடைவேளை வரை. அதற்குப் பிறகு இரண்டு அணியும் சேர்ந்து என்னை மாற்றிவிட்டன.

செயலாளர் சைகைகளைக் காட்டித் தந்தார். கொடி இரண்டும் தெரியும். பந்து வெளியே போனால் இரண்டு கையையும் அகல விரிப்பது. கிரிக்கெட்டில் வைட் கொடுப்பதும் அப்படித்தான், எனக்குச் சந்தோஷம். காப்பவர்களில் கடைசியாகப் பட்டு வெளியே போனால் ஒரு கையை மேலே தூக்குவது. அப்போது எதிர் அணிக்கு நாற்பத்தைந்து மீற்றரிலிருந்து ஓர் அடி கிடைக்கும். எல்லாம் விளங்கியது என்று தலையாட்டினேன். என் தலை எப்போதும் மூளையைக் கேட்காமல் ஆடும்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியதும் என் மகள் நான் நின்ற கோலுக்கு வந்தாள். மற்றக் கம்பத்தில் எதிர்க் கழகத்தின் வயதான ஓர் ஐரிஷ்காரர், சுவிங்கம் மென்றுகொண்டு நின்றார்.

"அப்பா, என்னோட கதைக்கக் கூடாது. ரூல்ஸ்" என்றாள் மகள் முதுகைக் காட்டியபடி.

"நான் ஏன் கதைக்கிறன்? நீ கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்."

"அப்பா!"

சுவிங்கக்காரர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "மகளா?" என்றார். ஓம் என்றேன். "கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்" என்பது போல ஏதோ சொல்லிவிட்டு மறுபடி மென்றார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் அணி ஒரு புள்ளியால் முன்னுக்கு நின்றது. இந்தக் கணக்கை மட்டும் நான் பிழைவிடவில்லை, பத்துத் தடவை கூட்டிப் பார்த்திருந்தேன். அப்போது எதிர் அணிப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து உயர அடித்தாள். பந்து மேலே போய், வெயிலுக்குள் மறைந்து, படிக்குச் சற்றுக் கீழே நேரே விழுந்தது. என் மகள் பின்னுக்கு ஓடி, பின்னுக்குப் பாய்ந்து, இரண்டு கையாலும் அதைப் பறித்தாள். இவ்வளவு வடிவான பிடியை நான் வாழ்நாளில் கண்டதில்லை.

என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. நான் துள்ளினேன். வலது கை மேலே போனது. ஒற்றை விரல் வானத்தைக் காட்டியது.

"அவுட்!" என்று கத்தினேன்.

ரெஃபரி தூரத்தில் நின்றவர், என் கையைக் கண்டு நாற்பத்தைந்து மீற்றர் அடி என்று ஊதிவிட்டார். ஒருத்தரும் எதிர்க்கவில்லை. எங்கள் பெட்டைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். அந்த ஓர் அடி குறி தவறினால் எங்களுக்கு ஃபைனல்.

ஆனால் என் மகள் நின்ற இடத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தைப் பிடித்தபோது அவளின் இரண்டு காலும் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்றன. பந்துக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் பச்சைப் புல்லு தெரிந்தது. பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால், யாருடைய கையில் இருந்தாலும் அது கோல். மற்றக் கம்பத்துப் பெரியவருக்கு அவளின் முதுகுதான் தெரிந்திருக்கும். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உமக்குத்தான் தெரியும் என்ற பார்வை.

மகள் பந்தோடு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

என் முட்டாள் விரல் எங்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. பேசாமல் நின்றால் போதும். நாற்பத்தைந்து மீற்றருக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். பேசாமல் நிற்பதுதான் எனக்கு இந்த உலகத்தில் வராத வேலை. அதோடு அந்தப் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து பச்சைக் கொடியை எடுத்தேன். எடுத்து ஆட்டினேன். ரெஃபரி ஓடி வந்து என்ன என்று கேட்டார்.

"கோல்" என்றேன். "விரல் கிரிக்கெட். கொடிதான் சரி."

மூன்று புள்ளி. ஒன்றால் முன்னுக்கு நின்றவர்கள் இரண்டால் பின்னுக்குப் போனோம். கொஞ்ச நேரத்தில் விசிலும் அடித்தது. அந்தப் பெரியவர் நடந்து வந்து என் கையைக் குலுக்கினார், வாயிலிருந்த சுவிங்கத்தைத் தவிர மற்றெல்லாவற்றையும் தந்துவிடுகிறவர் போல.

மகள் காரின் பின் கதவைத் திறந்து ஏறினாள், டாக்சியில் ஏறுவது போல. 401 நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். விமான நிலையம் போனது, யங் வீதி போனது. ரோல்ஸ் வேணுமா என்று கேட்டேன். பெட்டியை முன் சீற்றுக்குத் தள்ளிவிட்டாள். வீட்டுக்குப் போகாமல் அப்படியே அஜக்ஸுக்குப் போய் அங்கேயே ஒரு வீடு வாங்கிக்கொண்டு இருந்துவிடலாமா என்று யோசித்தேன்.

மல்வேர்னுக்கு இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எவ்வளவு உள்ள போச்சு?"

"ஒரு சாண்."

"ஒரு சாண்தானா?"

கண்ணாடியில் பார்த்தேன். முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து சிவப்பு லைற்றில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். சிரிக்கிறாள்.

"நான் நினைச்சன் ஒரு மீற்றர் உள்ள எண்டு. வலை என்ர முதுகில முட்டினது, அப்பா. கொடி வருமெண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் இவ்வளவு நேரமும் கதைக்கேல்ல? எனக்கு நெஞ்சு வெடிக்கப் பாத்தது."

"கொடிக்கில்லை. விரலுக்கு! ஹூ டஸ் தற்? டீம் முழுக்கக் கேக்கினம், உன்ர அப்பா ஏன் ஆகாசத்தைக் காட்டிக் கத்தினவர் எண்டு. நான் என்ன சொல்ல? என்னை அவுட் குடுத்திட்டார் எண்டோ?"

"பிடிச்சது நீ. அவுட் அந்தப் பெட்டைதான்."

"அப்பா, ஸ்ரொப்."

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் என் ஃபோன் அடித்தது. செயலாளர். அந்தத் தொண்டைக்கு ஃபோனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். மகளின் இடம் போய்விட்டது, சொல்லத்தான் எடுக்கிறார் என்று இரண்டுபேரும் நினைத்தோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: தோற்றாலும் செவ்வாய்க்கிழமை பயிற்சி வழமைபோல. கோலி பந்துப் பையைக் கொண்டுவரட்டும். அந்தப் பிடி மாதிரி ஒன்றை அவர் பத்து வருஷமாகக் காணவில்லையாம், அடுத்தமுறை கோட்டுக்கு முன்னால் நின்று பிடிக்கட்டுமாம். புதிதாக வருகிறவள் வரட்டும், இருவரும் போட்டிபோட்டு நிற்கட்டும். பிறகு எனக்கு: ஃபைனலுக்கு வந்த இரண்டு கழகமும் அம்பயராக என்னைத்தான் கேட்கின்றன, விரலை வீட்டில் விட்டுவிட்டு வரவும்.

பின் சீற்றிலிருந்து மகள் இறங்கி முன் சீற்றில் ஏறினாள். "இன்னும் வெளிச்சம் இருக்கு. பின்னுக்கு வந்து கொஞ்சம் பந்து எறியுங்கோ" என்றாள். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம், காருக்குள் ஏறத் தேவையில்லை என்று நினைவுபடுத்தினேன்.

இப்போது அடுத்த கோடை. புதிய கோலி வந்துவிட்டாள். ஒரு ஞாயிறு அவள், ஒரு ஞாயிறு என் மகள். இன்றைக்கு என் மகளின் முறை. ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருப்பதால், கார் பார்க்கில், யாரும் கண்ணாடியில் தட்டமுன் இதை ஸ்ரேரிங்கில் தாள் வைத்து எழுதுகிறேன். அந்த ஃபைனலில் நான் செய்த கூத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுசாகாது. விரலை வீட்டில்தான் விட்டுவிட்டுப் போனேன். சத்தியமாக. ஆனால் இடைவேளைக்குச் சற்று முன்னம் ஒரு பந்து படிக்கு மேலால் பறந்து வந்தது, நான் வெள்ளைக் கொடியை எடுக்கக் குனிய, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி, என் கைக்கு நேரே

"அப்பா! ரெஃபரி வந்திட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு கெதியா வாங்கோ!"

"வாறன், வாறன். கொடி எங்க?"

"நீங்கள்தான் அதுக்கு மேல இருக்கிறீங்கள்!"